காவல்நாய்க்குப் போட்ட எலும்பு

"நல்லா இருக்கேன்மா" என்று அப்பா உள்ளறையிலிருந்து சொன்னதுதான் அவளை முதலில் உறுத்தியது. வாழ்நாளில் அந்த மனிதர் அப்படிச் சொன்னதே கிடையாது. எப்படி இருக்கீங்க என்று கேட்டுவிட்டால் போதும், முதுகுவலியில் ஆரம்பித்து முட்டிவலியில் இறங்கி, மகன் சொல்பேச்சு கேட்காத குறையில்தான் வந்து நிற்பார்.

வெளியே மழை வலுத்தது. சாயங்கால வெளிச்சம் மங்க மங்க, ஈரத்துணியும் தைலமும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை கூடம்வரை வந்தது. அதோடு அப்பாவின் மூச்சுக் கருவி காற்றைத் தள்ளுவதும் விடுவதுமான சத்தம்.

அந்தக் கருவிக்குள் ஓடும் மென்பொருளை எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. புதிய பதிப்பு அன்று மதியம்தான் இணையம் வழியாக எல்லா வீட்டுக் கருவிகளுக்கும் போயிருந்தது. அப்பாவுடையதற்கும்.

உள்ளே வாட்ச்டாக் என்று ஒரு காவல்நாய் உண்டு. முக்கிய நிரல் அதனிடம் 'நான் நலம்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் நிரல் செத்துவிட்டதென்று அலறி, கருவியை மறுபடி தொடங்கிவைக்கும். சோதனையில் நிரல் அடிக்கடி உறைந்தது, நாய் குரைத்துத் தள்ளியது. கெடுவோ கழுத்தை நெரித்தது. "இப்போதைக்கு அது வாய அடைம்மா, அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்" என்றார் மேலாளர். அவள் 'நான் நலம்' என்று சொல்லும் அந்த ஒரு வரியை முக்கிய நிரலிலிருந்து எடுத்து, தன்பாட்டுக்குத் துடிக்கும் டைமருக்குள் போட்டாள். இனி உள்ளே எது செத்தாலும் டைமர் 'நான் நலம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நாய் எலும்பைக் கவ்விக்கொண்டு படுத்துவிட்டது.

"அப்பா, தண்ணி வேணுமா?"

"நல்லா இருக்கேன்மா."

அதே குரல், அதே இழுப்பு. அவள் கருவியின் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். அவர் இருமினால் கருவி தடுமாறும், புரண்டு படுத்தால் ஒரு கணம் தயங்கும். இப்போது அது எதற்கும் தயங்காமல் ஒரே சீராக ஊதிக்கொண்டிருந்தது. அவள் மேலாளரை அழைத்தாள்.

"சார், அந்தப் பதிப்ப உடனே திரும்ப எடுங்க. உள்ள உறைஞ்சு போனாலும் நமக்குத் தெரியாது."

"ஏம்மா பதறுற? எல்லா வீட்டுலயும் பச்சைதான் காட்டுது. ஒண்ணுகூட சிவப்பு இல்ல."

"அதான் சார் பயமா இருக்கு."

உள்ளறைக்குப் போய் விளக்கைப் போட்டாள். அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கருவியின் பச்சை விளக்கு கண்சிமிட்டியது. ஆனால் திரையில் அலைக்கோடு பாதி வழியில் அப்படியே நின்றிருந்தது.

பாதத்தைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது.

கருவியை நிறுத்தினாள். நெஞ்சு இறங்கியது. ஏறவில்லை. முகமூடியைக் கழற்றி மூக்கருகே விரல் வைத்தாள். காற்றில்லை. மணிக்கட்டிலும் துடிப்பில்லை. விறைத்திருந்தது கை. மூச்சு நின்றதும் ஊரைக் கூட்டியிருக்க வேண்டிய கருவி, வாயே திறக்கவில்லை.

"நான்தான்ப்பா பண்ணேன்" என்று கதறினாள். "என்னாலதான்ப்பா."

உதடுகள் பிரிந்தன.

"நல்லா இருக்கேன்மா."

கண்கள் அசையவில்லை. மூச்சும் இல்லை. சொல் மட்டும் வந்தது.

வாசற்கதவு திறந்தது. தம்பி குடையை உதறும் சத்தம். "அப்பா, எப்படி இருக்கீங்க?"

அவள் பாய்ந்து அப்பாவின் வாயைப் பொத்தினாள். குளிர்ந்த தாடை அவள் உள்ளங்கையை முட்டியது. இரண்டு கையாலும் அழுத்தினாள். தன் பாரம் முழுவதையும் வைத்து அழுத்தினாள்.

"நல்லா இருக்கேன்மா."

தெளிவாகக் கேட்டது. கூடத்தில் தம்பி சிரித்தான். "அக்கா இல்லப்பா, நான்தான்! பரவால்லயே, இன்னிக்காவது நல்லா இருக்கேன்னு சொன்னீங்களே."

அவன் நிம்மதியாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் கைகளுக்கு அடியில் தாடை மறுபடி திறந்தது.