கன்னியம்மாளின் கட்டைவிரல்

"எங்கம்மா ஃபைல எடுங்க. நான் பாக்கணும்."

காலை 10.10. புற்றுநோய்ப் பிரிவின் மேஜையில் இருந்த நர்ஸ் நிமிர்ந்தாள். வேம்புவுக்கு வீட்டில் சொல்லியனுப்பிய புத்தி ஒன்றே ஒன்று: எதை வேணா கேளு, ஃபைலை மட்டும் கேக்காத, டாக்டர் கோச்சிக்குவாரு. சொன்னவள் மாமன் பெண்டாட்டி ஆதிலட்சுமி. வேம்பு பகலெல்லாம் கம்பெனியில் கிடப்பதால் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவருவது அவள்தான். 'டாக்டரே போதும்னுட்டாரு' என்று வந்து சொன்னதும் அவள்தான். எட்டுச் சுற்று மாத்திரை என்றார்கள். ஐந்தோடு போதுமென்று டாக்டர் எப்படிச் சொன்னார் என்று நர்ஸிடம் கேட்டாள் வேம்பு.

"டாக்டர் எங்க சொன்னாரு?" என்றாள் நர்ஸ். "ஒங்கம்மாதான் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

ஃபைலில் ஒரு கடிதம். யாரோ எழுதித் தந்திருந்தார்கள். 2006 மார்ச் 12. 'உடம்பு தாங்கவில்லை. சிகிச்சை வேண்டாம். இப்படிக்கு கன்னியம்மாள்.' கீழே கைநாட்டு. சுழிசுழியாக, கோடு கோடாக எண்ணிவிடலாம். குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கீறல்.

வேம்பு அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

பிப்ரவரியில், விதவைப் பென்ஷன் ஆபீசில், அம்மா நாலு தடவை விரலை அழுத்தினாள். நாலு தடவையும் வெறும் கறுப்புப் பொட்டு. ஒரு கோடுகூட விழவில்லை. "செத்த வெரல் மாதிரி இருக்கே" என்று முனகிய கிளார்க் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான். அன்றிலிருந்து அம்மாவின் கைகள் முந்தானைக்குள்தான்.

"சிஸ்டர், இந்த மாத்திரைக்கு ரேகை அழியுமா?"

"சிலருக்கு அழியும். உள்ளங்கை, பாதம் செவந்து, எரிஞ்சு, தோல் உரியும். யாருக்கும் தொத்தாது. மொதல்லயே சொல்லியிருந்தா டாக்டர் கொஞ்ச நாள் நிறுத்தி, அளவக் கொறச்சுக் குடுத்திருப்பாரு. மறைக்கிறதுதான் ஆபத்து."

"பிப்ரவரியில இல்லாத ரேகை, மாத்திர சாப்புட்டுக்கிட்டு இருக்கறப்பவே மார்ச்சுல எப்படி மொளைக்கும்?"

நர்ஸ் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"யாரு கொண்டாந்து குடுத்தா?" என்றாள் வேம்பு.

"நான் அன்னிக்கு லீவும்மா."

மதியம் 12.40. வீராம்பட்டினம். மாமன் வீட்டு வாசலில் அம்மா, அவளுக்கென்று ஒதுக்கிய தட்டோடு தனியாக. மடியில் கிடந்த உள்ளங்கைகள் மெழுகில் வார்த்ததுபோல் மழுமழுவென்று மின்னின. உள்ளே ஆதிலட்சுமி அருவாமணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேட்டுட்டியாடி ஃபைல?"

"கேட்டுட்டேன் அத்த. பன்னெண்டாந்தேதி மாமா எங்க?"

"கடல்ல. தேங்காய்த்திட்டு தொறமொகத்துல வந்து எறங்கவே பதினாறு ஆச்சு. அதுக்கென்னா இப்ப?"

"ஒன் கட்டவெரலக் காட்டு."

ஆதிலட்சுமி சட்டென்று கையை மூடினாள். அதற்குள் வேம்பு பார்த்துவிட்டாள்: விரலுக்குக் குறுக்கே அருவாமணை கீறிய பழைய தழும்பு, சாய்வாக.

"அம்மா பேர்ல கைநாட்டு வெச்சது நீதான். கைநாட்டுன்னா எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சிட்ட. ஆஸ்பத்திரிக்காரங்களும் அப்படித்தான் நெனச்சாங்க. ஆனா அம்மாவுக்கு ரேகையே இல்ல அத்த. நீ வெச்சதுலதான் இருக்கு."

ஆதிலட்சுமி மீனைக் கீழே வைத்தாள்.

"எம்மவ சங்கவியப் பொண்ணு பாக்க வராங்கடி. ஒங்கம்மாவுக்குக் குஷ்டம்னு தெருவே பேசுது. மாத்திரய நிறுத்துனா கை ஆறிடும்னு..."

"கை ஆறும். உள்ள இருக்கற கட்டி ஆறுமா?"

வேம்பு உள்ளே போய் அம்மாவின் பையை எடுத்து வந்தாள். நெல்லித்தோப்பில் ரூமுக்கும், நாளைக் காலை டாக்டருக்கும் வரும் வழியிலேயே சொல்லியாகிவிட்டது.

"இப்ப வாசப்படி தாண்டுன, ஒறவு அத்துப்போச்சுன்னு வெச்சுக்க!"

"வெச்சுக்கறேன்."

பிடியில் நிற்காமல் வழுக்கிய அம்மாவின் கையை மணிக்கட்டோடு பற்றிக்கொண்டு, தெருவில் இறங்கினாள்.