நாற்பதாவது கண்ணிவெடி

போர் முடிந்து இருபது வருடமாகிவிட்டது. ஆனால் தலைமையாசிரியர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தால், அது இன்று காலைதான் தொடங்கியது போலிருக்கும்.

"மாணவச் செல்வங்களே, இதுதான் வீரம் விளைந்த மண்," என்று பேருந்தை விட்டு இறங்கியதுமே ஆரம்பித்தார்.

வாயாடி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வேறு பெயர் உண்டு; யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீரம் விளைந்த மண்ணில் இப்போது முட்டைக்கோஸ் விளைந்திருந்தது. அதற்கு அப்பால் பச்சைப் புல்வெளி. தலைமையாசிரியர் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் வகுப்பு முழுவதும் பந்தோடு அங்கே பாய்ந்துவிட்டது.

அவளும் ஓடப் போனாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் சட்டையைப் பிடித்தது. மாமாவின் கை.

மாமா தையல்காரர். அதற்கு முன் சிப்பாய். இதே இடத்தில் சண்டை போட்டவர். அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. வகுப்போடு வீட்டுப் பெரியவர் ஒருவர் வர வேண்டும் என்றதும் தானாகவே முன்வந்தார். வந்தவர் பேருந்தின் கடைசிப் படியை விட்டு இறங்கவில்லை. நெற்றி வியர்த்திருந்தது.

"புல்லுல கால் வைக்காத, கண்ணு."

"ஏன் மாமா?"

மாமா குரலைத் தாழ்த்தினார். "அங்க நாங்க நாப்பது கண்ணிவெடி புதைச்சோம். முப்பத்தொன்பதைத் தோண்டி எடுத்தாச்சு, வேலை முடிஞ்சதுன்னு பேப்பர்ல போட்டாங்க. மிச்சம் ஒண்ணு எங்க போச்சு? ரோட்டை விட்டு இறங்க மாட்டோம்னு உங்க சார் சொன்னாரே."

வாயாடி புல்வெளியைப் பார்த்தாள். கண்ணிவெடி மண்ணுக்குள் ஒளிந்திருக்கும், மிதித்தால் வெடிக்கும். வெடி என்று கத்தினால் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் சிதறி ஓடுவார்கள்.

அவள் படியில் ஏறி நின்று கைகளைக் குவித்தாள். "பஸ்ல பிஸ்கட் தர்றாங்க!"

போன வழியிலேயே முப்பது பேரும் திரும்பி வந்தார்கள். ஒரே நிமிடம்தான்.

பிஸ்கட் எங்கே என்ற கலவரத்தை ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு வாயாடி தலைமையாசிரியரிடம் ஓடினாள். கேள்விகள் எல்லாம் கடைசியில் என்று சொல்லிவிட்டு அவர் பேச்சைத் தொடர்ந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு ஆசிரியர்கள். அதில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

சாலையோரம் ஒரு பெண் முட்டைக்கோஸ் அறுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். பயமே இல்லாமல் மண்ணில் வெறுங்காலோடு நின்றார். வாயாடி அவரிடம் கேட்டாள்.

"நாப்பதாவதா?" அவர் நிமிர்ந்தார். "அதை எடுத்தவளே நான்தான்."

அப்போது அவர் கண்ணிவெடி அகற்றும் குழுவில் இருந்தாராம். ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், பெரிய மனிதர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, இன்னும் ஒன்று இருக்கிறது என்று யாரோ ஒரு சிப்பாய் படம் வரைந்து கடிதம் போட்டிருந்தார். குழு திரும்ப வந்து தேடியது. மழைத் தண்ணீர் அதை வாய்க்கால் ஓரம்வரை தள்ளிக்கொண்டு போயிருந்தது.

வாயாடி மெல்லத் திரும்பிப் பேருந்தைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து மாமாவிடம் அழைத்துப் போய், நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

"மாமா, கடுதாசி போட்டது நீங்களா?"

"மூணு போட்டேன். மூணுக்கும் 'ஆவன செய்யப்படும்'னு ஒரே பதில்தான் வந்துச்சு."

"செஞ்சோமே," என்றார் அந்தப் பெண். "அதை உங்களுக்குச் சொல்லத்தான் யாருக்கும் தோணல போல."

மாமா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நிஜமாவா?"

"அந்தப் புல்லுலதாங்க என் பிள்ளைங்க ரெண்டும் நடை பழகுச்சு."

மாமா செருப்பைக் கழற்றினார். பிறகு, சுடுதண்ணீரைப் பதம் பார்ப்பது போலக் கட்டைவிரலைப் புல்லில் வைத்தார். அப்புறம் முழுப் பாதத்தை. அப்புறம் விறுவிறுவென்று புல்வெளியின் நடுவுக்கே போய், கையையும் காலையும் விரித்து மல்லாந்து படுத்தார். வாயாடி பக்கத்தில் போய்ச் சேர்வதற்குள் குறட்டை வந்துவிட்டது.

பந்து மறுபடி உருண்டது. மாமாவைச் சுற்றி வளைத்து விளையாடினார்கள்.

பேச்சை முடித்துக்கொண்டு தலைமையாசிரியர் ஒலிபெருக்கியோடு வந்தார். எல்லாரும் ஏறுங்கள் என்று முழங்க வாயைத் திறந்தார். வாயாடி உதட்டில் விரலை வைத்தாள். அவர் மாமாவைப் பார்த்தார். ஒலிபெருக்கியை அணைத்தார்.

பேருந்து அன்று அரைமணி நேரம் தாமதமாகத்தான் கிளம்பியது.