எழுபத்திரண்டு சுற்று

மச்சினனுக்கு வயிறு எரிந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நின்று "வாங்க, உட்காருங்க" என்று உபசரித்தவன் அவன். வந்த பெண்மணியோ அவனைத் தாண்டி, உள்ளே கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த அவனுடைய அத்தானைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தாள். களவு போனது, காணாமல் போனது, யார் செய்தது என்று தெரியாதது எல்லாமே அத்தானைத் தேடித்தான் வரும். ஆறு வருஷமாகக் கூடவே ஓடியாடும் மச்சினனைச் சீந்துவார் கிடையாது.

வந்தவள் கருகிப்போன மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவள். புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரே பட்டறை. புருஷன் அவள் பின்னாலேயே வந்து, ஓரமாக உட்கார்ந்து கைபேசியை நோண்ட ஆரம்பித்தார்.

"மெக்கானிக்குங்களுக்குன்னு இணையத்துல ஒரு மன்றம் இருக்குங்க. ஒருத்தர் கேள்வி கேப்பார், தெரிஞ்சவங்க பதில் சொல்வோம். என் பதிலை மூணு தடவை நீக்கிட்டாங்க. மூணு ஆயிட்டா ஆளையே தூக்கிடுவாங்க. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள என் பக்கம் நியாயம்னு காட்டலைன்னா, நாலு வருஷமா நான் எழுதினது அத்தனையும் போச்சு."

"நீக்குறது யாரு?" என்றார் அத்தான்.

"மூணு நெறியாளர்கள். சம்பளம் கிடையாது, சும்மா சேவை. மன்றத்தை ஆரம்பிச்ச வாத்தியார் ஒருத்தர். எங்க எதிர்ப் பட்டறைக்காரர் ஒருத்தர். மூணாவது ஆள் 'நடுநிலை'ன்னு பேர் வச்சிருக்கார், யாருன்னே தெரியாது. எவர் நீக்கினாலும் 'நெறியாளர் குழு'ன்னுதான் வரும். காரணம்னு எனக்கு மட்டும் ஒரு வரி வரும்."

"விட்டுத் தொலைன்னா கேக்க மாட்டேங்கறா" என்று முணுமுணுத்தார் புருஷன்.

மச்சினன் துள்ளி எழுந்தான். "எதிர்ப் பட்டறைக்காரன்தான் அத்தான்! தொழில் போட்டி. வேற யாரு?"

"இரு மாப்ளே. கடைசியா வந்த காரணத்தைக் காட்டுங்கம்மா."

அவள் நீட்டிய கைபேசியில் இருந்தது இதுதான்: 'ஒரு காயிலுக்கு எழுபத்திரண்டு சுற்று என்பது தவறு. மோட்டார் இழுக்காது.'

"அங்கதான் எனக்கு மண்டை குழம்புது. நான் போட்ட பதிலோட நகல் இதோ இருக்கு. அறுபத்திநாலுன்னுதான் எழுதியிருக்கேன்."

"எழுபத்திரண்டுன்னு வேற எங்கயாவது எழுதினீங்களா?"

அவள் பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த நோட்டை எடுத்தாள். "கருகின காயிலைப் பிரிக்கும்போதே எண்ணி, உள்ளதை உள்ளபடி முதல்ல குறிச்சிடுவேன். அன்னைக்குக் காலையில எண்ணினது எழுபத்திரண்டு. முன்னாடி கட்டின ஆள் தப்பாக் கட்டியிருந்தார். மத்தியானம் கணக்குப் போட்டுப் பார்த்து, அதை அடிச்சிட்டு அறுபத்திநாலுன்னு திருத்தினேன். மன்றத்துல ஒருத்தர் கேட்டிருந்ததும் அதே ரக மோட்டார்தான். அதுக்கப்புறம்தான் பதில் போட்டேன். போட்ட ஒரு நிமிஷத்துல காணோம்."

"நோட்டு எங்க இருக்கும்?"

"பட்டறை மேஜையில."

"எதிர்ப் பட்டறைக்காரர் உள்ள வருவாரா?"

"எங்க வாசப்படி மிதிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு."

"வாத்தியார்?"

"அவர் வேற நாட்டுல இருக்கார். நேர்ல பார்த்ததே இல்லை."

அத்தான் நோட்டை மூடி அவளிடமே கொடுத்தார். "நீக்கினவர் உங்க பதிலைப் படிக்கவே இல்லைம்மா. காலையில நோட்டைப் பார்த்திருக்கார். 'அப்பாடா, இவளும் தப்புப் பண்றா'ன்னு மனசு குளிர்ந்திருக்கும். பதில் எப்போ வரும்னு காத்துக் கிடந்தார். வந்ததும் கை பரபரத்திருக்கு, ஒரு வரி படிச்சுப் பார்க்கக்கூடப் பொறுக்கலை. நீங்க திருத்தினது அவருக்குத் தெரியாது. காலையில அந்த மேஜைகிட்ட இருந்தது யாரு?"

மச்சினனுக்குக் காது சுட்டது. அத்தான் எழுதி வைக்கும் கண்ணாடி அளவுகளில் எங்கேயாவது பிசகு இருக்காதா என்று அவன் திருட்டுத்தனமாகப் புரட்டாத நாள் கிடையாது. ஓரத்து நாற்காலியைப் பார்க்க அவனுக்குச் சங்கடமாக இருந்தது.

அவள் மெல்லத் திரும்பினாள். "என்னங்க?"

கைபேசி அவர் மடியில் கிடந்தது. "நான்தான் நடுநிலை" என்றார். "மூணையும் நான்தான் நீக்கினேன். உனக்குக் கம்பி பிடிக்கக் கத்துக்குடுத்ததே நான். இப்போ பட்டறைக்கு வர்றவன் எல்லாம் 'அக்கா இல்லையா, அப்புறம் வர்றேன்'னு போறான். மன்றத்துக்குப் போனா அங்கயும் அக்கா, அக்கா. நெஞ்சு எரிஞ்சுது."

"நாலு நாளா நான் சோறு இறங்காமக் கிடந்தேன். பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடு, சாப்பிடுன்னீங்களே."

"வீட்டுக்குப் போய் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுடறேன். பதிலை எல்லாம் திரும்பப் போட்டுடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"ஊர் முன்னாடி நீக்கிட்டு, மன்னிப்பு மட்டும் அடுக்களையிலயா? யார் நீக்கினது, எதுக்கு நீக்கினதுன்னு மன்றத்துல எழுதுங்க. உங்க சொந்தப் பேர்ல."

அவர் அத்தானைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. 'தவறுதலாக நீக்கப்பட்டது' என்று தட்டினார்.

அவள் எட்டிப் பார்த்தாள். "தானாவா நீங்கிச்சு?"

அழித்தார். இன்னொன்று எழுதினார், அதையும் அழித்தார். வெகுநேரம் கழித்துக் கைபேசியை அவளிடம் நீட்டினார். 'நீக்கியது நான். என் மனைவி என்னைவிட நன்றாகக் காயில் கட்டுகிறாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை' என்று இருந்தது. அடியில் அவருடைய சொந்தப் பெயர்.

"அனுப்பணுமா?" என்று கேட்டார்.

அவள் படித்துவிட்டுக் கைபேசியை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். அவர் அனுப்பினார்.