தாளில் ஒரு கணினி

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. பள்ளி நூலகத்தில் சில்லு கணினியாக உட்கார்ந்திருந்தாள்.

மேசையில் ஒரு தாள். அதில் நான்கு கட்டங்கள்: தலைப்பு, ஆசிரியர், வகை, எண். யாராவது ஒரு கட்டத்தை விரலால் அமுக்கினால், அதற்கான அடுத்த தாளைச் சில்லு மேலே வைப்பாள். பிள்ளைகள் தாங்களே புத்தகம் தேடி எடுப்பதற்கான கணினித் திரைக்கு, முதலில் தாளில் செய்து பார்க்கும் மாதிரி அது. எல்லாத் தாள்களும் அவளே வரைந்தவை.

"யாரும் சொல்லிக்கொடுக்காம அஞ்சு பேர் புத்தகம் எடுத்துட்டா, திங்கட்கிழமை நிஜக் கணினியில ஏத்திடலாம்" என்று நூலக மிஸ் சொல்லியிருந்தார். "ஆனா நீ வாயைத் திறக்கக் கூடாது. கணினி பேசாது."

சில்லுவுக்கு அதுதான் கஷ்டம். உதட்டை மடித்து வைத்திருந்தாள்.

நான்கு பேர் எடுத்துவிட்டார்கள். ஐந்தாவது அவள் தம்பி. ஒன்றாம் வகுப்பு.

"திமிங்கிலத்தைப் பத்தி ஒரு புத்தகம் எடு" என்றான் நெட்டை. அவன் சில்லுவின் வகுப்பு. கேள்வி கேட்பதும் எண்ணுவதும் அவன் வேலை.

தம்பியின் விரல் தாளின் மேல் ஊர்ந்தது. 'வகை'யை அமுக்கினான். அடுத்த தாளில் 'கடல்'. அதற்கடுத்த தாளில் 'திமிங்கிலம்'. முடிந்தது.

"அஞ்சு!" என்று நெட்டை கத்தினான்.

சில்லுவுக்குப் பெருமை தாங்கவில்லை. "டேய், 'வகை'யைத்தான் அமுக்கணும்னு எப்படிடா தெரிஞ்சுது?"

"எனக்கு அது படிக்கவே தெரியாது" என்றான் தம்பி. "விரல் சரியான கட்டத்துக்குக் கிட்ட வந்தா நீ அடுத்த தாளைத் தூக்கறே. நீ தூக்கினதும் அமுக்கிடுவேன்."

சில்லு தன் கையைப் பார்த்தாள்.

"மத்தவங்களும் அப்படித்தானா?"

"ஆமா. எல்லாரும் உன் கையைத்தான் பார்த்தாங்க."

நெட்டை குனிந்து கிசுகிசுத்தான். "சும்மா இரு. மிஸ் பார்க்கலை."

அலமாரிக்குப் பின்னாலிருந்து மிஸ்ஸின் குரல் வந்தது. "என்ன, முடிஞ்சுதா?"

சில்லு தாள்களைக் கீழே வைத்தாள். "இல்ல மிஸ். வாய் பேசலை. கை பேசிடுச்சு."

"அப்போ அந்த அஞ்சு பேர்?"

"கணக்குல இல்ல மிஸ்."

நெட்டை தலையில் அடித்துக்கொண்டான்.

இந்த முறை நெட்டை கணினி ஆனான். அமுக்கும்வரை தாளைத் தொடக் கூடாது என்று அவனிடம் சொல்லிவிட்டு, சில்லு தன் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்துகொண்டாள்.

வாசலில் தம்பியின் வகுப்புத் தோழி எட்டிப்பார்த்தாள். முன்பல் இரண்டும் இல்லை. அவளுக்கும் அதே திமிங்கிலம்தான்.

விரல் அந்தரத்தில் நின்றது. கீழே இறங்கவே இல்லை.

"எதை அமுக்கணும்க்கா?"

பதில் சில்லுவின் நுனிநாக்கு வரை வந்தது. அதை உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"நீ எதை அமுக்கலாம்னு நினைக்கிறே?"

"தெரியலையே."

"எதைத் தேடறே?"

"திமிங்கிலத்தை. ஆனா இதுல திமிங்கிலமே இல்லையே."

சில்லு தாளைப் பார்த்தாள். நான்கு கட்டம், நான்கு சொல். நேராகக் கோடு போட்டு, அழகாக எழுதியது. அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் வரையத் தொடங்கினாள். ஒரு பேய். ஒரு ராக்கெட். ஒரு திமிங்கிலம்.

"அது கத்திரிக்கா மாதிரி இருக்கு" என்றான் தம்பி.

"வாயை மூடு." திமிங்கிலத்தின் தலையில் நீர் பீய்ச்சுவதுபோல் இரண்டு கோடு போட்டாள்.

பல்லில்லாதவள் அதை உடனே அமுக்கினாள். நெட்டை அடுத்த தாளை வைத்தான். அதில் ஒரே ஒரு கட்டம்தான்; அதையும் அமுக்கினாள். கடைசித் தாள் வந்தது: 'புத்தகம் உங்களுடையது.'

"ஒண்ணு" என்றான் நெட்டை, மெதுவாக.

"இன்னும் நாலு பேர் வேணும். திங்கட்கிழமை நடக்காது போலிருக்கே" என்றார் மிஸ்.

"பரவாயில்ல மிஸ். நாளாகட்டும்" என்றாள் சில்லு. அவள் ஏற்கனவே அடுத்த படத்தை வரைந்துகொண்டிருந்தாள்.

யாரோ அவள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பல்லில்லாதவள் கையை நீட்டியபடி நின்றாள்.

"எல்லாத்தையும் அமுக்கிட்டேன்க்கா. புத்தகம் எங்கே?"