ஐயா போயாச்சா?

துரைத்தனத்தார் ஓர் இடத்தைத் திடீர்ச் சோதனை போடுவதாக இருந்தால், அதை முன்கூட்டியே தபாலில் தெரிவித்துவிடுவது அந்தக் காலத்து மரியாதை. ஆகவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷத்து ஐப்பசியில், சர்க்கார் பரிசோதகன் தேவசிகாமணி வில்வண்டியில் புறப்பட்டபோது, தாமிரபரணிக் கரையில் இருந்த சிறுவர் திருத்தப் பள்ளி அவனுக்காகக் குளித்து முழுகிக் காத்திருந்தது. சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. வேப்பமரத்துக்கும் இடுப்பளவு சுண்ணாம்பு. தொழுவத்து மாட்டின் வாலிலும் கொஞ்சம் இருந்தது. அது யாரோ ஆர்வக்கோளாறில் செய்தது.

பள்ளிக்குச் சற்று முன்னால், கால்வாய்ப் பாலத்தில் ஒரு பெண் வண்டியை மறித்தாள். சீவலப்பேரிக்காரி, வயல் வேலை செய்கிறவள், இசக்கியம்மா என்று பெயர் சொன்னாள். அவள் மகன் சொரிமுத்து ஒரு வாழைக்குலையைத் திருடிவிட்டு உள்ளே இருந்தான்.

"வேலியோரமா நின்னு பாத்தேன்யா. எம்மவன் முதுகெல்லாம் பிரம்புத் தடம். தடம் கெடக்கிற பிள்ளையள கவர்மெண்டு ஆளு கண்ணுல காட்டமாட்டாவளாம். நீங்க பாத்துட்டு, இருக்கான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

"பாக்கேம்மா" என்றான் தேவசிகாமணி. அப்போது வானம் வெளுப்பாகத்தான் இருந்தது.

சூப்பிரண்டு அப்பாத்துரை வாசலுக்கே வந்து அணைத்துக்கொண்டார். பாளையங்கோட்டையில் இருவரும் ஒரே சபை. பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குரலுக்கு வேதக்கோயில் விளக்குகள் நடுங்கும்.

"வாரும்வே, வாரும். நம்ம சபைப் பிள்ளையத்தான் அனுப்பியிருக்காவ. கர்த்தர் பெரியவர். மொதல்ல சாப்பிடும். கோழிக் குழம்பு ஆறிப்போகும்."

சாப்பாட்டுக்குப் பிறகு பையன்களை வரிசையில் நிறுத்தினார்கள். எல்லோருக்கும் புதுச் சட்டை. பெரிய பையன்களின் சட்டைகள் சிறியவர்களுக்கும், சிறியவர்களின் சட்டைகள் பெரியவர்களுக்கும் போயிருந்தன.

"உன் பேர் என்ன?" என்று ஒருவனைக் கேட்டான் தேவசிகாமணி.

"குறை ஒன்றும் இல்லை ஐயா."

"ஊர்?"

"குறை ஒன்றும் இல்லை ஐயா."

"சொரிமுத்துன்னு ஒரு பையன் எங்கே?"

இதற்குப் பாடம் நடத்தியிருக்கவில்லை போலும். வரிசை முழுவதும் தரையைப் பார்த்தது. கடைசியில் நின்ற ஒரு பொடியன் மட்டும், தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் தாழ்வாரத்தின் கோடிக்கு ஓட்டினான். அங்கே குனிந்து நுழையும்படியான ஒரு கதவு இருந்தது.

"காய்ச்சல்வே" என்றார் அப்பாத்துரை. "ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு."

"அந்த அறை?"

"இந்தக் கட்டடம் முன்ன நெல்லுக் கிடங்குல்லா. அது தவிடு போட்டு வைக்கிற மூலை. சாவி தொலஞ்சு எத்தனையோ காலமாச்சு."

தொலைந்துபோன சாவிக்குரிய பூட்டில் புது எண்ணெய் மினுங்கியது. தேவசிகாமணி அதைப் பார்த்தான். அவன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆகவே பார்க்காததுபோலவும் இருந்தான்.

மழை அப்போதுதான் பிடித்தது. நெல்லைச் சீமை ஐப்பசி மழை, தூறலில் ஆரம்பித்து நம்மைத் தயார்ப்படுத்தும் வழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது. வண்டி பூட்டப் போன வண்டிக்காரன் முழங்காலுக்கு மேல் நனைந்து திரும்பி வந்தான். "பாலத்து மேல தண்ணி போகுதுய்யா. ஆறு அடங்குற வரைக்கும் இங்கனதான்."

விருந்தாளி தங்குகிறான் என்று கேட்டு ஒரு மனிதர் முகம் அப்படி வெளிறித் தேவசிகாமணி பார்த்ததில்லை. அப்பாத்துரை புதுச் சுண்ணாம்புச் சுவரோடு சுவராக நின்றார்.

விருந்தாளிக்கென்று இருந்த ஒரே அறை தாழ்வாரத்தில் கடைசிக்கு முந்தியது. அதற்கும் அந்தக் குட்டைக் கதவு அறைக்கும் ஒரே சுவர். கட்டிலில் சாய்ந்தான். ஓட்டின்மேல் மழை கொட்டியது. ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. மூடிவைத்த குடத்துக்குள் முகத்தை விட்டால் வருமே, அந்த மாதிரி.

சுவரில் ஏதோ தேய்ந்தது.

பல்லி என்று நினைத்தான். பல்லி தேய்க்காது.

உள்ளங்கையால் ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டே போவதுபோல, கீழேயிருந்து, பைய, அவன் தலைமாட்டை நோக்கி வந்து நின்றது. அப்புறம், காதோடு சொல்வதுபோல ஒரு பொடிக் குரல்.

"ஐயா போயாச்சா?"

தேவசிகாமணி எழுந்து கட்டிலைச் சுவரைவிட்டுத் தள்ளிப் போட்டான். பையன்களின் குறும்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். குறும்பு செய்யும் பையன்கள் இந்தப் பள்ளியில் இருந்தால் அது நல்ல செய்தி என்றும் சொல்லிக்கொண்டான். இரண்டையும் நம்பவில்லை.

மறுநாளும் மழை விடவில்லை. மத்தியானம் கோழி வந்தது. கையைக் கழுவிவிட்டு அறைக்குள் வந்தபோது, வெள்ளைச் சுவரில், அவன் இடுப்புயரத்துக்கும் கீழே ஒரு கைத்தடம். ஐந்து விரலும் தெளிவாக, ஈரமாக. உள்ளங்கை ஒரு வெற்றிலை அகலம்கூட இல்லை. விரலால் தொட்டுப் பார்த்தான். சுண்ணாம்பு காய்ந்துதான் இருந்தது. ஈரம் அந்தப் பக்கத்திலிருந்து ஊறி வந்திருந்தது.

காவலாள் ஐயம்பெருமாள் சுண்ணாம்புச் சட்டியும் நார்மட்டையுமாக வந்தான். கைத்தடத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அது எங்கே இருக்கும் என்று தெரிந்தவன்போல அதன்மேல் ஒரு பூச்சுப் பூசினான்.

"ஐயா இன்னைக்குப் போயிருவியளா?"

"பாதைதான் முங்கிக் கெடக்கே."

"நீந்தியாவது போயிருங்க."

தேவசிகாமணி கதவைச் சாத்திவிட்டு வந்தான். "என்னன்னு சொல்லும்."

ஐயம்பெருமாள் மட்டையைச் சட்டியின் விளிம்பில் வழித்தான். குரல் மழைக்குள் அமுங்கியது.

"முன்ன ஒரு ஐயா வந்தாரு. முதுகுல தடம் கெடந்த பொடியன் ஒருத்தன அங்கன வச்சுப் பூட்டியாச்சு. ஐயா போற வரைக்கும் மூச்சு விடப்பிடாதுலேன்னு சூப்பிரண்டு சொல்லிட்டாரு. காலைல வந்தா சாயந்தரம் போற ஐயா. அன்னைக்குப் பாத்து ஆறு வந்துட்டு. அவரு தங்கிட்டாரு. அவரு இருக்கிற வரைக்கும் கதவத் தெறக்க முடியல. தெறந்தா தெரிஞ்சிரும்லா."

"தண்ணி? சோறு?"

"கதவத் தெறக்காம எப்பிடிய்யா குடுக்க?"

"அப்புறம்?"

"அப்புறம் ஆறு வடிஞ்சுது. அவரு போனாரு. எல்லாம் திருப்தின்னு சொல்லிட்டுத்தான் போனாரு." ஐயம்பெருமாள் சுவரைப் பார்த்தான். "பொடியன் சொன்ன சொல்ல மீறல. கடைசி வரைக்கும் சத்தமே போடல."

புதுப் பூச்சின்மேல் ஐந்து விரல்கள் பைய ஊறி வந்துகொண்டிருந்தன.

"இப்ப உள்ள யாரு?"

ஐயம்பெருமாள் மறுபடி மட்டையைச் சுண்ணாம்பில் முக்கினான்.

பாலத்தில் நின்ற இசக்கியம்மா தேவசிகாமணியின் நினைவுக்கு வந்தாள். நேற்று மத்தியானம் முதல் அவன் தின்ற கோழியும் நினைவுக்கு வந்தது. அவன் இங்கே உட்கார்ந்திருக்கிறவரை அந்தக் கதவு திறக்காது. அவனால் எழுந்து போகவும் முடியாது.

"சாவி?"

"தொலஞ்சு போச்சுய்யா" என்று சொல்லிக்கொண்டே ஐயம்பெருமாள் இடுப்பிலிருந்து அதை அவிழ்த்துக் கொடுத்தான்.

அந்த நேரத்தில் பெரிய கூடத்தில் அப்பாத்துரை பையன்களுக்குக் கீர்த்தனை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அடிக்குரல் தாழ்வாரம் முழுக்க அதிர்ந்தது. மழை மேகத்தில் பட்டப்பகலே அந்திபோல இருண்டு கிடந்தது. தேவசிகாமணி குட்டைக் கதவின் முன் குனிந்தான். சாவி பூட்டைச் சுற்றிச் சுற்றி உரசியதே தவிர உள்ளே நுழையவில்லை. அந்த இருட்டில் துளை பிடிபடவில்லை.

"சொரிமுத்து" என்று கூப்பிட்டான்.

வாயைக் கதவிடுக்கோடு வைத்துக்கொண்டான்.

"லேய், சொரிமுத்து. உங்கம்மா அனுப்பிச்சா."

மரத்துக்கு அந்தப் பக்கம், அவன் வாய்க்கு நேர் எதிரே, குரல் வந்தது.

"ஐயா போயாச்சா?"

பொய் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. "போயாச்சுலே" என்றான்.

சாவி உள்ளே நுழைந்து பூட்டுத் திறந்தது.

கதவுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. பையன் தூரத்து மூலையில், தவிட்டுச் சாக்கின்மேல் சுருண்டு கிடந்தான். உதடு வெடித்திருந்தது. ஐயம்பெருமாள் ஓடிப்போய்த் தூக்கிவந்து, செம்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண் திறந்தது.

"நல்லவேளை, கூப்பிட்டதுக்குக் குரல் குடுத்த" என்றான் தேவசிகாமணி.

சொரிமுத்து தலையை அசைத்தான். நாக்கு ஒட்டிக்கொண்டு வார்த்தை பிய்ந்து பிய்ந்து வந்தது.

"நான் பேசல. அவன்தான் பேசுனான்."

"எவன்?"

"உள்ள இருக்கவன். வெளிய வாலேன்னு கூப்பிட்டேன். வரமாட்டேங்கான். ஐயா போகலன்னு சொல்லுதான்."

தேவசிகாமணி திரும்பி அந்த அறைக்குள் பார்த்தான். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. தரையிலிருந்து ஒரு பொடியன் எட்டும் உயரம்வரை, நாலு பக்கமும், கைத்தடங்கள். தவிட்டுச் சாக்கின்மேல், சொரிமுத்து கிடந்த பள்ளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பள்ளம் இருந்தது. அவன் பார்க்கப் பார்க்க அது மெல்ல மேலெழுந்து சமமானது. யாரோ எழுந்துகொண்டதுபோல.

கூடத்தில் கீர்த்தனை நின்றது.

அவன் கதவைச் சாத்திவிட்டான். ஏன் சாத்தினான் என்று அப்புறம் எவ்வளவோ நாள் யோசித்திருக்கிறான். திறந்து வைத்திருக்கலாம்.

ஆறு வடியும்வரை பையன் அவன் அறையிலேயே இருந்தான்; அப்பாத்துரை அந்தப் பக்கம் வரவே இல்லை. வடிந்ததும் பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பாலத்தில் தாயின் கையிலேயே கொடுத்தான். "இருக்கான்" என்று ஒரு வார்த்தை சொன்னான். அவள் பையனின் தலையை முகர்ந்துகொண்டிருந்தாள், அவனைக் கவனிக்கவில்லை. பிறகு நடந்ததையெல்லாம் மேலிடத்துக்கு எழுதினான். துரைத்தனத்தார் கடுமையான நடவடிக்கை எடுத்தார்கள். அப்பாத்துரையை இதைவிடப் பெரிய பள்ளிக்கு மாற்றினார்கள். குட்டை அறைக்கு உடனே வெள்ளையடிக்க உத்தரவு போட்டார்கள். தேவசிகாமணியின் வேலை நிரந்தரமானது.

மார்கழி வந்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்காத வேதக்காரர் பாளையங்கோட்டையில் உண்டா? அவன் மனைவி பியூலா ஆள் வைத்து வாசல் முதல் அரங்குவரை அடித்து முடித்தாள். அரங்கு என்பது அரிசி, புளி, பாத்திரம் போட்டுப் பூட்டுகிற உள்ளறை, ஜன்னல் கிடையாது. அன்று காலை அவள் முறுக்கு மாவு பிசைந்து மூடிவைத்துவிட்டுக் கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். வீட்டில் அவன் மட்டும். வாசலில் நல்ல வெயில். தெருவில் காய்கறிக்காரி கத்திக்கொண்டு போனாள்.

அரங்கின் வெளிச்சுவரில், அவன் இடுப்புயரத்துக்குக் கீழே, ஓர் ஈரத்தடம் ஊறிக்கொண்டிருந்தது.

வெற்றிலை அகலம்கூட இல்லை.

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. பரிசோதிக்க வந்தவன் பள்ளியைவிட்டுப் போய்விடுவான். சொந்த வீட்டைவிட்டு எங்கே போவான்? இங்கே ஒளிந்துகொண்டவன் ஒருநாளும் வெளியே வரமுடியாது.

பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், உள்ளங்கை மரத்தைத் தடவிக்கொண்டே வந்து, அவன் வாய்க்கு நேர் எதிரே நின்றது.

"ஐயா போயாச்சா?"

முன்பு ஒருதரம் பலித்த பொய்தானே என்று, குரலை மாற்றி, மெல்லச் சொன்னான்.

"போயாச்சுலே."

உள்ளங்கை மரத்தில் இரண்டு தடவை தேய்ந்து நின்றது. யோசிக்கிறதுபோல.

"அப்பொ பேசுதது யாரு?"