இரும்பறையில் ஐந்து நிமிடம்

ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் ஆவதற்குள்ளாகவே சப்ரி ஆக்ஸிஜன் முகமூடியைக் கழற்றச் சொல்வதாக ரவூஃபுக்குப் பட்டது. அந்த இரும்பறையில் கடிகாரம் சப்ரியிடம் மட்டும்தான் இருந்தது.

செங்கடலில் பதினாறு வருடமாகப் பயணிகளை முக்குளிக்கக் கூட்டிப்போகிறவன் ரவூஃப். நேற்று ஒரு பயணியைத் துரத்திக்கொண்டு வேகமாக மேலேறியதில் ரத்தத்தில் காற்றுக்குமிழி கட்டி, இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. காலில் உணர்வு திரும்பாவிட்டால் படகு வேலை இல்லை. இந்த அழுத்த அறையில் படுத்து ஆக்ஸிஜன் இழுத்தால் திரும்பும் என்றார் மருத்துவர். துணைக்கு உள்ளே உட்கார்ந்தவன் மருத்துவரின் உதவியாளன் சப்ரி. சப்ரியின் தம்பி கலால், அதே படகில் ரவூஃபுக்கு அடுத்த ஆள்.

“கழட்டுங்கண்ணே. அஞ்சு நிமிஷம் சும்மா காத்து.”

“இப்பத்தானடா போட்டேன்?”

“இருபது நிமிஷத்துக்கு மேல விடாம இழுத்தா வலிப்பு வந்துரும். கடலையே குடிச்ச ஆளு, கொஞ்சம் காத்து குடிக்க மாட்டீங்களா?”

சப்ரி சிரித்தது ரவூஃபுக்குப் பிடிக்கவில்லை. படகுத்துறையில் தலைவலித்தால்கூட ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்து நாலு இழுப்பு இழுத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் ரவூஃபும் அவன் கூட்டாளிகளும். மருந்தை எவனாவது நிறுத்தி நிறுத்திக் கொடுப்பானா? தம்பிக்கு இடம் வேண்டுமென்றால் கொடுப்பான்.

அடுத்த முறை, “கழட்டிட்டேன், குளிருது” என்று போர்வையைக் கண்வரை இழுத்துக்கொண்டான். முகமூடி உள்ளேயே இருந்தது. அதற்கடுத்த முறையும்.

ரப்பர் வாடையும் வியர்வையும் கலந்த அந்தப் புழுக்கத்தில், சுவருக்குள் எங்கோ சீறிக்கொண்டிருந்த காற்றின் ஓசை மெல்ல அவன் காதுக்குள் புகுந்து, மணி அடித்து ஓய்ந்தபின் மிஞ்சும் ரீங்காரமாக மாறி, நிற்காமல் தொடர்ந்தது. குமட்டியது. சற்றுமுன் குடித்த தண்ணீரில் சப்ரி எதையோ கலந்திருப்பான். கலந்துதான் இருப்பான்.

அறை குறுகியது. ஓரங்களில் இருட்டு. உச்சிப்பொழுதில் ஏது இருட்டு?

“அண்ணே, யார்கிட்ட பேசுறீங்க?”

அவன் பேசவில்லை.

“போர்வை துடிக்குதே. வாய என்ன பண்றீங்க?”

வாயை அவன் ஒன்றும் செய்யவில்லை. உதடு தானாக இழுத்தது. விட்டது. இழுத்தது.

சப்ரி போர்வையைப் பிடுங்கினான். முகமூடியைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, வெளியே அழுத்தத்தை இயக்கிக்கொண்டிருந்தவரை நோக்கிக் கண்ணாடியைத் தட்டிக் கத்தினான்.

“அழுத்தத்தக் குறைக்காதீங்க! வலிப்பு அடங்குற வரைக்கும் குறைக்காதீங்க, நுரையீரல் கிழிஞ்சுரும்!”

விடமாட்டார்கள். வெளியே விடவே மாட்டார்கள். அண்ணன், தம்பி, கண்ணாடிக்கு அப்பால் நிற்பவர், எல்லாரும் ஒரே கூட்டு. கத்த நினைத்தான். தாடை பூட்டிக்கொண்டது.

பார்வையில் மிஞ்சியது ஒரு சிறு வட்டம். அதற்குள் இரண்டு கால்கள். இரும்புச் சுவரை உதைத்தன. தோல் கிழிந்து ரத்தம் தெறிக்க, மீண்டும் மீண்டும் உதைத்தன.

அவனுடைய கால்கள்தான். அவன் உதைக்கவில்லை.