போவாடியின் தும்மல்

கடை வாசல் சுவரொட்டியில் தேதி மாறியிருந்தது.

ஒரு சினிமாவுக்காக அச்சடித்த இரங்கல் சுவரொட்டிதான். கானா நாட்டுக் குமாசி நகரில் பஞ்சர் ஒட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த போவாடியைச் சவப்பெட்டியில் படுக்கவைத்துப் படம் பிடித்தார்கள். மூக்கில் அடைத்த பஞ்சு பறக்கத் தும்மினான். நாடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அதோடு அவன் சொந்தப் பெயர் போயிற்று. கடையில், சர்ச்சில், கழிப்பறை வாசலில்கூட, "யோவ் பிணம், ஒரு தும்மல் போடுய்யா!" போடவைக்காமல் விடமாட்டார்கள். இப்போது பழைய தேதியை அடித்துவிட்டு யாரோ இன்றைய தேதியை எழுதியிருந்தார்கள்.

"யாரு பண்ண வேலை இது?" என்றான், எதிரே வாழைக்காய் சுடும் அக்கோசுவாவிடம்.

"எனக்கென்ன தெரியும்? நாலு மணிக்கு வந்துடறேன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன்." அவள் சாவு வீட்டுக்குப் போகும் கறுப்பும் சிவப்பும் உடுத்தியிருந்தாள்.

கடையைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினான். தெருமுனையிலேயே பந்தல் துணி காற்றில் படபடப்பதும், பிளாஸ்டிக் நாற்காலிகள் சிமெண்டில் கிறீச்சிடுவதும், ஒலிபெருக்கி பாட்டில்லாமல் உறுமுவதும் கேட்டன; தக்காளிச் சோறு வேகும் மணத்துக்கு அடியில் ஆஸ்பத்திரி மருந்து நெடி. அவனைக் கண்டதும் கூட்டம் கைதட்டியது.

"செர்வா, என்னடி இதெல்லாம்?"

மனைவியின் கண்கள் அழுது வீங்கியிருந்தன. "காலையிலேர்ந்து காத்துட்டிருக்காங்க. படுத்து ஒரு தடவை தும்மிடுங்க. போயிடுவாங்க."

கூடத்தில், பிணத்தைப் பார்வைக்குக் கிடத்தும் பித்தளைக் கட்டில். வெள்ளைச் சரிகை விரிப்பு. தும்மித் தொலைத்தால் சனியன் விட்டது, இனி ஒருநாளும் தும்மமாட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஏறிப் படுத்தான்.

போன்கள் உயர்ந்தன.

மூச்சை இழுத்தான். வரவில்லை.

மூக்கில் ஏதோ உலர்ந்து கிடந்தது. யார் வைத்தார்கள்? எப்போது? எடுக்கக் கையைத் தூக்கினான். கை வரவில்லை. கத்தப் பார்த்தான். உதடு பிரியவில்லை.

"எப்படி நடிக்கிறான் பாரு!" என்றாள் அக்கோசுவா. கூடம் சிரித்தது.

செர்வா, தும்மல் வருதுடி. என்னைப் பாரு. வருதுடி.

அவள் பார்த்தாள். குனிந்தாள். சுண்டுவிரலால் பஞ்சை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.